பட்டாளத்து முதுமை: வேலூர்–வாலாஜாபேட்டை வட்டாரத்தில் முன்னாள் படைவீரர் குடியிருப்பு

பட்டாளத்தில் உழைத்து வயதான சிப்பாய் அதன்பின் எங்கே குடியிருந்தார், யார் அவரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது பாலாற்றங்கரை வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி. ஆற்காடு, இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, வேலூர் ஆகிய ஊர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படைக்கு ஆள் கொடுத்தவை. கோட்டை, பாளையம், போர், கலகம் பற்றி நூல்கள் உண்டு. படையிலிருந்து விடுபட்டவரின் கூரையைப் பற்றிய செய்திகள் ஓய்வூதிய விதிகளிலும் நிவாரண நிதிக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கம்பெனிக் காலத்திலிருந்து இன்றுவரை அரசு இவர்களுக்குப் பணமாக ஏதோ கொடுத்திருக்கிறது; வீடாகக் கொடுத்தது மிகக் குறைவு. வீடு என்பது குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. குடும்பம் இல்லாதவரும், குடும்பத்தால் கைவிடப்பட்டவரும் தெருவுக்கு வந்தார்கள்.

பாலாற்றங்கரைப் பாளையங்கள்

வாலாஜாபேட்டைக்குப் பெயர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. அவர் 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்தார். ஊர் வணிகத்துக்காக வளர்ந்தது, 1866-இல் நகராட்சியானது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து இவ்வூரை அடுத்த வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் ஆற்காடு, பக்கத்தில் இராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்குராஜனின் மனைவி நினைவாக இராணிப்பேட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கம்பெனி ஆவணங்கள் 'ஆற்காடு' பாளையம் என்று குறிப்பிடும் குதிரைப்படை நிலையம் இந்த இராணிப்பேட்டைப் பக்கத்தில்தான் இருந்தது. 1806-இல் வேலூர்க் கோட்டையை மீட்கக் கில்லஸ்பி தலைமையில் குதிரைப்படை புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

வேலூர்க் கோட்டையில் அப்போது வேறொரு வகைக் குடியிருப்பும் நடந்துகொண்டிருந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தைக் கம்பெனி கோட்டை மாளிகைகளில் வைத்து மானியம் கொடுத்துப் பராமரித்தது. பின்னர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-இல் இறக்கும்வரை காவலில் வாழ்ந்தார். தோற்ற அரசர்களுக்கு மாளிகை, மானியம், வேலையாட்கள் எல்லாம் இருந்தன. அவர்களைத் தோற்கடித்த படையின் சிப்பாய் கோட்டைக்கு வெளியே தானே கட்டிய குடிசையில் இருந்தார்.

லைன் வீடு

சென்னைப் படைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வங்காளப் படையின் சிப்பாய் மனைவி மக்களை அவத்திலோ பீகாரிலோ சொந்தக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியாகப் பணிக்கு வருவார். சென்னைச் சிப்பாய் குடும்பத்தோடு வருவார். பட்டாளம் எங்கே போனாலும் மனைவி, பிள்ளைகள், வயதான தாய், விதவைத் தங்கை எல்லோரும் பின்னால் போனார்கள். பாளையத்தில் வரிசையாகப் போட்ட குடிசைகள்தான் 'லைன்'. குடிசை போடுவதற்குக் கம்பெனி ஒரு படி கொடுக்கும். மண்ணும் மூங்கிலும் ஓலையும் சிப்பாயின் பாடு. பட்டாளம் இடம் மாறினால் குடிசையை விட்டுவிட்டுப் புது ஊரில் புதிதாகப் போட வேண்டும்.

இறந்த சிப்பாய்களின் மகன்களையும் பணியில் இருப்பவர்களின் மகன்களையும் சிறுவயதிலேயே பட்டாளத்துப் பேரேட்டில் சேர்த்துச் சிறு தொகை கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பையன் வளர்ந்ததும் அதே பட்டாளத்தில் சிப்பாய் ஆவான். இப்படி இரண்டு மூன்று தலைமுறைகள் லைனிலேயே பிறந்து, லைனிலேயே மணம் முடித்து, லைனிலேயே இறந்திருக்கின்றன. தெலுங்கர், தமிழர், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், கிறித்தவர் என்று பலரும் அங்கே இருந்தனர். அவர்களில் பலருக்குச் 'சொந்த ஊர்' என்பது தாத்தா சொன்ன பெயர் மட்டுமே.

இதன் விளைவு முதுமையில்தான் தெரிந்தது. வங்காளச் சிப்பாய் ஓய்வு பெற்றால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. சென்னைச் சிப்பாய்க்குப் பட்டாளமே ஊர், லைனே வீடு. பேரேட்டில் பெயர் அடிக்கப்பட்ட நாளில் இரண்டும் போயின. அதனால்தான் ஓய்வு பெற்றவர்கள் பாளையங்களை விட்டு வெகுதூரம் போகவில்லை. மகனோ மருமகனோ இன்னும் பட்டாளத்தில் இருப்பார். ஓய்வூதியம் வாங்கப் படைநிலையத்துக்கு வர வேண்டும். பேசப் பழகிய மனிதர்களும் அங்கேதான் இருந்தார்கள். பாளையத்தை ஒட்டிய பேட்டைகளில் முதிய சிப்பாய்கள் தங்கியதற்கு இவையே காரணங்கள்.

1806 ஜூலை 10 நிகழ்ச்சியிலும் இந்தக் குடியிருப்பு முறையின் நிழல் உண்டு. வேலூரில் குடும்பம் உள்ள சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைச் சுவருக்கு வெளியே குடிசைகளில் தூங்குவார்கள். மறுநாள் அதிகாலையில் அணிவகுப்பு இருந்ததால் அன்றிரவு பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே தங்க வைக்கப்பட்டனர். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி பற்றிய ஆணைகளால் கொதித்துப் போயிருந்தவர்கள் ஒரே இடத்தில் கூடிவிட்டார்கள். கலகம் ஒடுக்கப்பட்டபின் அதில் தொடர்புடைய மூன்று சென்னைப் பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன. பட்டாலியன் கலைவது என்றால் லைனும் கலைவது என்று பொருள். தூக்கிலிடப்பட்டவர்களின் கதை பல நூல்களில் இருக்கிறது. ஒரே நாளில் குடியிருப்பு இழந்த குடும்பங்கள் அவற்றில் வரியாகக்கூட வருவதில்லை.

அதே நிகழ்ச்சியில் ஓய்வூதியம் பெற்ற ஒருவரின் பெயர் மட்டும் எல்லா நூல்களிலும் வருகிறது. சதி நடப்பதாக முன்கூட்டியே தன் அதிகாரியிடம் சொன்ன சிப்பாய் முஸ்தபா பேக். அப்போது அவர் சொல் நம்பப்படவில்லை. அவரைப் பிடித்து அடைத்தார்கள். கலகம் முடிந்ததும் அவருக்கு 2,000 வராகனும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. கம்பெனிக்கு ஓய்வூதியம் என்பது விசுவாசத்துக்கான கூலி. முதுமைக்கான உரிமை என்ற எண்ணம் அதில் இல்லை.

முதியோருக்கு அரண்மனையும் முதியோர் பட்டாலியனும்

இதே நூற்றாண்டுகளில் ஐரோப்பா முதிய வீரருக்குக் கட்டடம் எழுப்பியது. பிரான்சில் பதினான்காம் லூயி 1670-இல் பாரிஸில் 'இன்வாலிட்' இல்லத்துக்கு ஆணையிட்டார். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1682-இல் செல்சி இல்லத்தை நிறுவினார். செல்சியில் சேர்பவர் தன் ஓய்வூதியத்தை இல்லத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலாக அறை, உணவு, சிவப்புக் கோட்டு, மருத்துவம் கிடைக்கும். வீட்டிலேயே இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்கள் 'வெளி ஓய்வூதியர்'. எண்ணிக்கையில் அவர்களே எப்போதும் மிக அதிகம். வீடா இல்லமா என்ற இன்றைய விவாதம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரு பெயர்களில் இருந்தது.

இந்தியாவில் கம்பெனிப் படைக்கென உருவான முதல் பெரிய நிதி கிளைவ் நிதி. வங்காள நவாப் மீர் ஜாபர் தனக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயை ராபர்ட் கிளைவ் கம்பெனியிடம் ஒப்படைத்து, ஊனமுற்ற அதிகாரிகள், வீரர்கள், அவர்களின் விதவைகளுக்காக 1770-இல் அந்த நிதியை ஏற்படுத்தினார். அது ஐரோப்பியருக்கு மட்டுமே. ஆற்காட்டு முற்றுகையில் கிளைவுக்கு அருகில் நின்று சண்டையிட்ட தமிழ்ச் சிப்பாய்களின் வாரிசுகளுக்கு அதில் பங்கில்லை. கம்பெனி ஆட்சி முடிந்தபின் நடந்த வழக்கில் அந்தப் பணம் கிளைவின் வாரிசுகளுக்கே திரும்பிப் போனது. இந்திய நவாபின் பணம் ஆங்கிலச் சிப்பாயின் விதவைக்குச் சென்று, கடைசியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் சேர்ந்தது.

இந்தியச் சிப்பாய்க்குக் கம்பெனி இரு வழிகளைக் கையாண்டது. வங்காளத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடல் தளர்ந்த சிப்பாய்களுக்குப் பாகல்பூர் முதலான இடங்களில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். காட்டைத் திருத்தி ஊராக்கவும் மலைப்பகுதியில் கம்பெனிக்கு விசுவாசமான குடிகளை வைக்கவும் அது உதவியது. பிற்காலத்தில் பஞ்சாபில் கால்வாய்ப் பாசனக் குடியிருப்புகளில் படைவீரருக்கு நிலம் கொடுத்த பெருந்திட்டத்துக்கு இது முன்னோடி எனலாம்.

சென்னையில் அத்தகைய பரந்த நிலக்குடியேற்றம் நடக்கவில்லை. இங்கே வயதானவர்களைச் சேர்த்து 'வெட்டரன் பட்டாலியன்' என்ற முதியோர் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. நெடும்பயணமும் போரும் தாங்காதவர்கள் கோட்டைக் காவல், கருவூலக் காவல், சிறைக் காவல் போன்ற வேலைகளைப் பார்த்தார்கள். சம்பளம் தொடர்ந்தது, லைனில் குடிசையும் தொடர்ந்தது. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. அக்கால அதிகாரிகள் பலர் செய்தார்கள். ஆனாலும் குடியிருப்பு என்ற ஒரு கண்ணோட்டத்தில் பார்த்தால், வயதான சிப்பாயைப் பழகிய இடத்திலிருந்து பிடுங்காமல், அவரால் முடிந்த வேலையோடு அங்கேயே வைத்திருந்த ஒரே ஏற்பாடு இதுதான். அதற்கும் வெளியே விழுந்தவர்களுக்குச் சத்திரமும் கஞ்சித்தொட்டியும் இருந்தன. 1782 பஞ்சத்தில் சென்னையில் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் அப்படிப்பட்ட இடம். ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வடசென்னை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது அதன் தொடர்ச்சி. ஆதரவற்ற ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1812-இல் தனிச் சங்கம் ஏற்பட்டது.

ஊர் திரும்பிய சிப்பாய்

1857-க்குப் பிறகு, குறிப்பாக 1880-கள் முதல், 'போர்க்குடிகள்' என்ற கொள்கை பிரிட்டிஷ் படைத்தலைமையை ஆட்டிப்படைத்தது. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் வீரர்கள். தென்னிந்தியர் போருக்கு உதவார் என்றார்கள். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. எஞ்சியவையும் 1920-களில் கலைந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை மட்டும் நிலைத்தது. வட ஆற்காட்டுக் கிராமத்து இளைஞர்களுக்குப் பட்டாளம் என்றால் பல காலம் இந்தப் படைதான். இராணிப்பேட்டைப் பாளையமும் கைவிடப்பட்டது. லைன்கள் போயின, சிப்பாய் மறுபடியும் கிராமத்து மனிதரானார்.

முதல் உலகப் போர் இவ்வட்டாரத்தை இருவகையில் தொட்டது. வட ஆற்காட்டின் பதனிட்ட தோல் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்குத் தேவைப்பட்டது; 1916 முதல் அரசே அந்த வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொட்டிகளில் ஊறிய தோல் பிரான்சு வரை போனது. ஆட்களும் போனார்கள். வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை அன்றுமுதல் வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போகும் ஊராகப் பெயர் பெற்று, இன்று 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கப்படுகிறது. அப்போரில் கலந்துகொண்டவர், இறந்தவர் தொகையைப் பொறித்த கற்பலகைகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ளன. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ளதும் அவ்வகை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல் சொல்லும். திரும்பி வந்தவர்கள் எப்படி முதுமையடைந்தார்கள் என்று சொல்லும் கல் எந்த ஊரிலும் நட்டதில்லை.

போர் முடிந்த கையோடு முன்னாள் வீரர் நலனுக்காக இந்திய சிப்பாய்கள் வாரியம் உருவானது. 1975-இல் அது கேந்திரிய சைனிக் போர்டு என்று பெயர் மாறியது. மாவட்டந்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதன் கிளை வழியில் வந்தது. மனு வாங்குவது, நிதியுதவி பெற்றுத் தருவது, வேலைக்குப் பரிந்துரைப்பது ஆகியவை அதன் பணிகள்.

பென்ஷன் இல்லாத தலைமுறை

தெருவுக்கு வந்த முதிய வீரர்களின் கதை முதன்மையாக இரண்டாம் உலகப் போரின் கதை. போர் முடிந்தபோது இந்தியப் படையின் பலம் சுமார் 25 லட்சம். போர்க்குடிக் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சென்னை மாகாணத்தில் பெருமளவில் ஆள் எடுத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. பர்மாவில் சாலை போட்டவர்களும், வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டியவர்களும், இத்தாலியில் பாலம் கட்டியவர்களும் ஐந்தாறு ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். ஆறு ஆண்டு போர் செய்தவருக்கு ஒரு சிறு பணிக்கொடையும் பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் கிடைத்தன. இளமையில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. தோல் தொழிற்சாலையில் காவல், ரயில்வேயில் கலாசி, பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர் என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்தது. 1980-களில் எழுபதை நெருங்கியபோதுதான் அந்த 15 ஆண்டு விதி கழுத்தைப் பிடித்தது. மாநில அரசுகள் உலகப் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின, தமிழ்நாடும் கொடுத்தது. மருத்துவம் இன்னும் தாமதமானது. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது அது ஓய்வூதியம் பெறுவோருக்கு மட்டுமே. உலகப் போர் வீரர்களை அதில் சேர்க்க மத்திய அமைச்சரவை 2019 மார்ச்சில்தான் ஒப்புதல் கொடுத்தது. அப்போது அவர்களில் மிக இளையவருக்கே வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியப் படையில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஆனால் 1972-இல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு அவர்கள் தகுதி பெற்றார்கள். அவர்களுக்கு எதிரணியில், பிரிட்டிஷ் இந்தியப் படையில் நின்ற அதே ஊர்க்காரர் எந்த ஓய்வூதியத்துக்கும் தகுதி பெறவில்லை. இருவரும் ஒரே தெருவில் முதுமையடைந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

இன்று 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் பதவி வரையிலான, ஓய்வூதியமற்ற முன்னாள் வீரருக்கும் அவர் விதவைக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் நலநிதியிலிருந்து 'வறுமை மானியம்' தரப்படுகிறது. நெடுநாள் மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாடகை கொடுத்து, சாப்பிட்டு, மருந்து வாங்க இது போதுமா என்று கணக்குப் போட வேலூர் டவுனில் ஓர் அறைக்கு வாடகை விசாரித்தாலே போதும்.

கூரை போவது எப்படி

ஓய்வூதியம் உள்ளவர் எப்படி வீடிழக்கிறார் என்ற கேள்வி வெளியூர்க்காரருக்கு எழும். சிப்பாய் முப்பத்தைந்து வயதுக்குள் பணி முடித்து வந்துவிடுகிறார். அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் பணி வாங்கித் தருவதையே முக்கிய வேலையாகச் செய்கிறது. பலர் அதிலேயே அறுபது வயதுவரை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். மனைவி இறக்கிறார். வீடு மகன் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும். கான்டீன் சாராயம் சில வீடுகளில் தன் பங்கைச் செய்திருக்கும். போர் மனத்தில் விட்ட காயங்களுக்கு அந்தத் தலைமுறை மருத்துவம் பார்த்ததே இல்லை. 'மிலிட்டரிக்காரர் கோபக்காரர்' என்று ஊர் பெயர் வைத்துவிட்டு நகர்ந்தது.

வீட்டை விட்டு வெளியேறியவரிடமிருந்து ஓய்வூதியமும் மெல்ல நழுவுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு வங்கிக் கிளையில் கையெழுத்துப் போட்டால் போதும். இன்று ஸ்பர்ஷ் இணையதளம், ஆதார், கைரேகை, தொலைபேசிக்கு வரும் கடவுச்சொல் எல்லாம் வேண்டும். வாலாஜா ரோடு ரயில் நிலைய நடைமேடையில் படுத்திருப்பவரிடம் தொலைபேசியும் இருக்காது, டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்காது. சான்று போகவில்லை என்றால் ஓய்வூதியம் நிற்கும். உயிரோடு இருப்பவர் கணக்கில் இல்லாமல் போகிறார்.

இவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோரை 17.7 லட்சம் என்று எண்ணியது. அவர்களில் படையில் இருந்தவர் யார் என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் இதைத் தனியாக எண்ணுகிறார்கள். 2010-இல் அங்கே சுமார் 74,000 முன்னாள் படைவீரர் வீடற்றிருந்தனர். 2024-இல் அது 32,882 ஆகக் குறைந்தது. எண்ணத் தொடங்கியதும் குறைந்ததற்கு ஒரு காரணம்.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைப் பார்த்துக்கொள்ளாதவரிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆதரவற்ற 150 முதியோரேனும் தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாக மாநில அரசு அமைக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் கோட்டாட்சியர் முன் சொந்த மகன் மீது மனுக் கொடுப்பதற்கு முதியவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் கூடுதலாகவே தயங்குவார்கள். ஊரில் அவர்களுக்கென்று ஒரு மரியாதை இருந்தது, அதைத் தாங்களே அவிழ்த்து வைக்க மனம் வராது.

இல்லமா, வீடா

போரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காகப் புணே அருகே கட்கியில் 1974-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இந்தியாவின் செல்சி என்று சொல்லத்தக்கது. வீரர்கள் ஆயுள் முழுக்க அங்கேயே தங்கலாம். அது நல்ல நிறுவனம். ஆனால் மிகச் சிலருக்கானது.

வேறு திசையில் சிந்தித்த முயற்சி ஒன்று வேலூரிலேயே நடந்தது. 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார், பின்னர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வுத் துறையை உருவாக்கினார். 1966-இல் அதன் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியை நிரந்தரமாக வைத்துக்கொள்வது அதன் நோக்கமாக இருந்ததில்லை. வாசற்படிக்குச் சாய்தளம் போட்டு, கழிப்பறையை மாற்றி, குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பியது. ஊர் திரும்பியவர்கள் ஆண்டுக்கொருமுறை 'ரீஹாப் மேளா'வில் கூடுகிறார்கள். முதுமையை அவரவர் வீட்டிலேயே கழிக்கச் செய்வதற்கு என்னென்ன தேவை என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் சாய்தளம் போட முதலில் ஒரு வாசல் வேண்டும். அமெரிக்காவில் 1992-இல் இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று, வீடற்ற முன்னாள் வீரருக்கு வாடகை உதவியையும் நலப்பணியாளரையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுத் திட்டம். 2008 முதல் அது மிகவும் விரிந்தது. மற்றொன்று, நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' என்ற முறை. குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு தருகிறோம் என்ற பழைய வரிசையை அது தலைகீழாக்கியது. முதலில் சாவி, மற்றவை பிறகு. அங்கேயும் இப்போது சிக்கல் முதுமைதான். தெருவில் வாழ்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு எழுபது வயதுக்காரரின் நோய்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கீழே விழுவது, மறதி, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை வீடு கிடைத்த பிறகும் தொடர்கின்றன. வாடகை உதவிக்காக அமைந்த திட்டத்துக்குள் குளிப்பாட்டி விடுபவரும் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் வர வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய முன்மாதிரி படைவீரர்களுக்கானது அல்ல. மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். நோய் தணிந்த பலர் வீடு திரும்பினார்கள். திரும்ப வீடில்லாதவர்கள் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காக 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்ற முறை தொடங்கியது. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் குடும்பம்போல் வாழ்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருக்கிறார் அல்லது வந்து போகிறார். ரேஷன் கடைக்குப் போவதும், கோயில் திருவிழாவுக்குப் போவதும், பக்கத்து வீட்டாரோடு தண்ணீருக்குச் சண்டை போடுவதும் அவர்கள் பாடு. அங்கே வயதாவதும் வீட்டிலேயே வயதாவதுதான்.

இந்த முறையை முதிய படைவீரருக்குப் பொருத்துவது பிறரைவிட எளிது. பலருக்கு ஓய்வூதியம் உண்டு. நின்றிருந்தால் மீட்கலாம், நிலுவையும் கிடைக்கும். ஓய்வூதியருக்கு மருத்துவத் திட்டம் உண்டு. ஒரே வகைச் சாப்பாட்டுக் கூடத்திலும் பாரக்கிலும் வாழ்ந்தவர்கள் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து வாழ்வது அவர்களுக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசல் இருந்தால் போதும். தரைத்தளத்தில் அறை, உட்காரும் கழிப்பறை, சுவரில் பிடிகம்பி, தினமும் எட்டிப்பார்க்கும் ஒரு மனிதர், காகிதங்களைச் சரிசெய்து தரும் ஓர் அலுவலர்: செலவாகும் பட்டியல் இவ்வளவே. தனி ஆண்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட மறுப்பதுதான் பெரிய தடை. நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போட்டு அதைத் தாண்டலாம்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் உதவிப் பட்டியலில் கல்வி உதவி, திருமண உதவி, ஈமச்சடங்கு உதவி எல்லாம் இருக்கின்றன. ஆதரவோடு கூடிய வாடகை வீடு என்ற இனம் இல்லை.

இதற்கிடையே ஓய்வூதியமற்ற சிப்பாய் மீண்டும் வந்துகொண்டிருக்கிறார். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களுக்கு நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒருவர் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார். மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாயுடன், ஓய்வூதியம் இல்லாமல் வீடு திரும்புவார்கள். முதல் அணியில் 2004-இல் பிறந்து சேர்ந்த ஒருவருக்கு 65 வயது நிறைவது 2069-இல்.